‘ஒன்றுமில்லை சார், விளையாடுவேன்’

மஸ்ஜித் இந்தியாவில் என் அத்தா தையற்கடை வைத்திருக்கிறார். பாஜு மெலாயு தைப்பதுதான் முதன்மைத் தொழில். பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் வாரங்களில் மட்டும் கடைக்குள் ஜெர்சிகள் குவிந்துவிடும். அவற்றின் முதுகில் எண்ணையும் பெயரையும் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கும் இப்போதும் விடுமுறை என்றால் அந்த இயந்திரத்தின் முன்தான் நிற்கிறேன்.

5ஆம் எண் வந்தால் கை ஒரு நொடி நின்றுவிடும். படிவம் 4இல் நான் அணிந்த எண் அது. நடுத் தற்காப்பு ஆட்டக்காரன். உயரமாக வரும் பந்துகளைத் தலையால் முட்டி வெளியேற்றுவது என் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

மாவட்ட நிலைப் போட்டியின் அரையிறுதியில் ஒரு கார்னர் உதை. பந்தை முட்ட நானும் எதிரணி ஆட்டக்காரரும் ஒரே நேரத்தில் எழும்பினோம். பந்து எங்கே போனது என்று தெரியாது. தலையும் தலையும் மோதின. கண்ணெதிரே வெள்ளையாக ஏதோ பளிச்சிட்டது. எழுந்தபோது பயிற்றுநர் என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இது எத்தனை விரல்?”

“மூன்று, சார்.”

“விளையாடுவாயா?”

“ஒன்றுமில்லை சார், விளையாடுவேன்.”

அந்த ஆட்டத்தில் நாங்கள் 2-1 என்று வென்றோம். வெற்றி கோலை அடித்தவனை ஓடிப்போய் முதலில் கட்டிப்பிடித்தவன் நான்தான். நண்பன் ஒருவன் கைப்பேசியில் எடுத்த காணொளியில் அது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு அந்த கோல் நினைவில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அடுத்த சில வாரங்கள் வகுப்பறை விளக்கின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வரலாற்றுப் பாடநூலில் ஒரே வரியை மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்கவில்லை. காரணமே இல்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். தேர்வில் புள்ளிகள் சரிந்தன. ஆசிரியர் சோம்பல் என்றார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏனென்றால் மறுவாரம் இறுதியாட்டம். அதிலும் விளையாடினேன். பந்தை எத்தனை முறை தலையால் முட்டினேன் என்று எண்ணவில்லை.

எங்கள் பயிற்றுநர் கெட்டவர் அல்லர். சொந்தப் பணத்தில் எங்களுக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தவர். அவரிடம் குறை காண்பது என் நோக்கமும் அன்று. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது வேறொரு காலை.

சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப்பள்ளியின் காற்பந்துப் பயிற்சிக்கு உதவப் போகிறேன். அண்மையில் ஒரு நாள் சிறுவர்களை வரிசையாக நிற்க வைத்தேன். நான் கையால் பந்தை வீசுவேன், அவர்கள் தலையால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆளுக்கு 20 முறை. ஆண்டு 4 மாணவன் ஒருவன் பாதியில் நின்றான்.

“அண்ணா, தலை வலிக்குது.”

“நெற்றியால முட்டுடா, உச்சியால முட்டாதே. வலிக்காது.”

அவன் தலையாட்டினான். இன்னும் மூன்று பந்துகளை முட்டினான். பிறகு ஒன்றும் சொல்லாமல் திடலோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. அந்தப் பையனின் வயது 10.

அன்று இரவே படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவன் அல்லன், மாணவன். படித்துத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் மண்டைக்குள் நடப்பது என்ன? எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சனிக்கிழமை மாலையில் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை கூடும். சந்தையில் தண்ணீரோடு பிளாஸ்டிக் பெட்டியில் தவ்பூ விற்பார்களே, அதை வாங்கி ஒரு முறை வேகமாகக் குலுக்கிப் பாருங்கள். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் தவ்பூ பெட்டியின் சுவரில் இடிபட்டு விளிம்பு உடையும். மூளையும் கிட்டத்தட்ட அப்படித்தான் மண்டையோட்டுக்குள் திரவத்தில் இருக்கிறது. தலை திடீரென்று நின்றாலோ சுழன்றாலோ மூளை பின்தங்கி அசைகிறது. அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதன் விளைவாகத் தலைவலி, குழப்பம், மறதி, வெளிச்சக் கூச்சம் வந்தால் அதைக் கன்கஷன் என்கிறார்கள். தமிழில் மூளை அதிர்வு. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

இதை உலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அமெரிக்கக் காற்பந்திலிருந்துதான். தலைக்கவசம் அணிந்துகொண்டு ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து விளையாடும் ஆட்டம் அது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் புகழ்பெற்ற வீரர் மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவும் நிதானமும் இழந்து அலைந்தவர். அவருடைய மூளையை ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, அதில் டாவ் என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருப்பதைக் கண்டு 2005இல் வெளியிட்டார். குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த அந்தச் சிதைவுக்குச் சுருக்கமாக சி.டி.இ. என்று பெயர். ஒருவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தால்தான் அதை உறுதிப்படுத்த முடியும்.

தலைக்கவசம் ஏன் காப்பாற்றவில்லை? கவசம் பெட்டியைக் காக்கும். மண்டையோடு உடையாமல் தடுக்கும். உள்ளே தவ்பூ அசைவதை அதனால் நிறுத்த முடியாது. கவசம் தந்த துணிச்சலில் தலையையே ஆயுதமாக்கி மோதியவர்களும் உண்டு.

அதைவிட முக்கியமான ஒரு செய்தி 2023இல் வந்தது. அமெரிக்கக் காற்பந்து ஆடிய 631 பேரின் மூளைகளை ஆராய்ந்த ஆய்வு அது. ஒருவருக்கு எத்தனை முறை மூளை அதிர்வு ஏற்பட்டதாகக் கூறப்பட்டது என்ற எண்ணிக்கைக்கும் சி.டி.இ.க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் தலை வாங்கிய மோதல்களின் மொத்த வலிமையோடு தொடர்பு தெரிந்தது. அதாவது, நம்மை விழ வைக்கும் ஒரு பெரிய அடி மட்டும் கணக்கில் இல்லை. விழ வைக்காத, வலிக்கக்கூடச் செய்யாத சிறு மோதல்களும் சேர்ந்துகொண்டே போகின்றன.

அதே ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றை வெளியிட்டார்கள். உடல் மோதும் விளையாட்டுகளில் ஈடுபட்டு, 30 வயதுக்குள் இறந்த 152 பேரின் மூளைகளை ஆராய்ந்ததில் 63 பேருக்கு சி.டி.இ. இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் பணம் வாங்கி விளையாடியவர்கள் அல்லர். பள்ளியிலும் கல்லூரியிலும் விளையாடியவர்கள். இதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஏதோ சரியில்லை என்று ஐயப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடையளித்திருப்பார்கள். ஆகவே விளையாடும் இளைஞர்களில் நூற்றுக்கு இத்தனை பேருக்கு நோய் என்று இதிலிருந்து கணக்குப் போடக்கூடாது. ஆனால் இளம் வயதில் இது வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

‘அது அமெரிக்கர்களின் முரட்டு ஆட்டம், நாம் ஆடுவது காற்பந்துதானே’ என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். இங்கிலாந்தின் முன்னாள் தேசிய ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்டில், தலையால் முட்டி கோல் அடிப்பதில் பேர்போனவர். 2002இல் 59 வயதில் நினைவிழப்பு நோயோடு இறந்தார். அவருடைய மரணம் தொழில்சார் நோயால் நேர்ந்தது என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். ஒரு காற்பந்து வீரருக்குத் தொழில்சார் நோய்! 2014இல் அவருடைய மூளையை மீண்டும் ஆராய்ந்தபோது அதிலும் சி.டி.இ. இருந்தது.

2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து தொழில்முறை வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு அந்த வீரர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகம். பின்னர் ஆட்ட நிலைவாரியாகப் பார்த்தபோது, பந்தைத் தலையால் அதிகம் முட்டும் தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் அபாயம் மிகுந்திருந்தது; கோல்காவலர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. அதைப் படித்தபோது 5ஆம் எண் நினைவுக்கு வந்தது.

நரம்புச் சிதைவு நோய்களில் ஒன்று மோட்டார் நியூரான் நோய். இந்தப் பெயர் நம் நாட்டுக் காற்பந்து ரசிகர்களுக்குப் புதிதன்று. ‘சூப்பர் மொக்’ என்று நாமெல்லாம் கொண்டாடும் மொக்தார் டஹாரி, 1991இல் 37 வயதில் அந்த நோயால்தான் மறைந்தார். 1975இல் மெர்டேக்கா அரங்கில் ஆர்சனலுக்கு எதிராக அவர் அடித்த இரண்டு கோல்களைப் பற்றி அத்தா இன்றும் வாடிக்கையாளர்களிடம் பேசுவார். அவருக்கு வந்த நோய்க்குக் காற்பந்துதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்து தன் பழைய வீரர்களை ஒவ்வொருவராகக் கணக்கெடுத்ததுபோல் நாமும் நம் பழைய வீரர்களின் நலனைக் கணக்கெடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். விளையாட்டையே நிறுத்தச் சொல்கிறாயா என்று அத்தா கேட்டார். இல்லை. அதே கிளாஸ்கோ ஆய்வில் அந்த வீரர்கள் இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறந்தது பொதுமக்களைவிடக் குறைவு. ஓடி ஆடுவது உடலுக்கு நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் காலப் பந்து தோல் பந்து, மழையில் நனைந்தால் கல்லாகிவிடும், இப்போதைய பந்து அப்படியில்லை என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இன்றைய பந்தும் 410 முதல் 450 கிராம் வரை எடை உள்ளதே. வேகமாக வரும் பந்தைச் சிறுவனின் மெலிந்த கழுத்து எப்படித் தாங்கும்?

மற்ற நாடுகள் விளையாட்டை நிறுத்தவில்லை, விதியை மாற்றின. அமெரிக்காவின் காற்பந்துச் சங்கம் 2015இல் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டக்கூடாது என்றது. 2020இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை நீக்கச் சொல்லின. 2021இல் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்களுக்கே, பயிற்சியில் வேகமான பந்துகளைத் தலையால் முட்டுவது வாரத்துக்கு 10 முறைக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். நான் கையால் வீசியது மெதுவான பந்துதான், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் சம்பளம் வாங்கும் வளர்ந்த வீரருக்கு ஒரு வாரத்துக்கு 10. நான் ஒரு சிறுவனுக்கு ஒரே காலையில் கொடுத்தது 20.

அடிபட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது மாணவன் ஒருவன் பள்ளி அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டான். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் களமிறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்தான். மூளையில் இரத்தக் கசிவு. உயிர் பிழைத்தான், ஆனால் மீண்டும் நடக்கப் பழகவே ஆண்டுகள் ஆயின. அவன் பெயரால் 2009இல் லிஸ்டெட் சட்டம் வந்தது. மூளை அதிர்வு என்று ஐயம் எழுந்தால் மாணவனை உடனே வெளியேற்ற வேண்டும். தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தரும்வரை திரும்ப விடக்கூடாது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. 2011இல் வட அயர்லாந்தில் 14 வயது மாணவன் ஒருவன் ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டும் தொடர்ந்து விளையாடி உயிரிழந்தான். முதல் அடி ஆறுமுன் விழுந்த அடுத்த அடியே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பிரிட்டனில் 2023இல் வெளியான வழிகாட்டியின்படி, மூளை அதிர்வுக்குப் பின் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும். நான் ஏழாவது நாளே திரும்பியவன்.

இந்த விதிகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான அறிவு இருக்கிறது. ‘விளையாடுவாயா?’ என்று அடிபட்டவனிடம் யாரும் கேட்பதில்லை. அடிபட்டிருப்பது எதை வைத்து முடிவெடுக்கிறோமோ அந்த உறுப்பே அல்லவா? அவனிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நானே சொன்ன பதில் அது.

நாம் பொய் சொல்வதற்குக் காரணங்களும் இருக்கின்றன. பொதுப் பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்குப் போகிறது. மாவட்டத்துக்கு ஆடினால் ஒரு புள்ளி, மாநிலத்துக்கு ஆடினால் இன்னொரு புள்ளி என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். இடத்தை விட்டால் வேறொருவன் வந்துவிடுவான் என்ற பயம். ‘இதுக்கெல்லாமா உட்காருவே?’ என்ற நண்பர்களின் கேலி. இவ்வளவையும் எதிர்த்து ஒரு 16 வயது மாணவனோ மாணவியோ உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தச் சுமையை அவர்கள் தோளிலிருந்து எடுத்துவிடத்தான் விதி வேண்டும். 2011இல் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ கொள்கையின்வழி எல்லா மாணவரையும் திடலுக்கு அழைத்தது நம் கல்வியமைச்சு. அழைத்தவர்கள் திடலில் பாதுகாப்புக்கும் விதி எழுத வேண்டும்.

நான் கேட்பது மூன்று. தலையில் அடிபட்டு ஐயம் எழுந்தால் அன்றைய ஆட்டம் அந்த மாணவருக்கு முடிந்தது. இதில் பயிற்றுநருக்கும் பெற்றோருக்கும் விதிவிலக்கு இல்லை. மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும்வரை திரும்புதல் இல்லை. அந்த இடைவெளியால் புறப்பாடப் புள்ளி குறையவும் கூடாது. தொடக்கப்பள்ளிப் பயிற்சியில் தலையால் முட்டுவது வேண்டாம். இவற்றுக்குப் புதிய அரங்கமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒரு தாளில் எழுதித் திடலுக்கு எடுத்துச் சென்றால் போதும். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேளுங்கள். காற்பந்துக்கு மட்டுமன்று; ரக்பி, தேக்குவாண்டோ, சிலம்பம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விதி வரும்வரை உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடிபட்ட நண்பன் தடுமாறுகிறானா, கேட்டதையே திரும்பக் கேட்கிறானா, ஸ்கோர் மறந்துவிட்டதா என்று கவனியுங்கள். அவன் வேண்டாம் என்று கையைப் பிடித்தாலும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. தலைவலி கூடிக்கொண்டே போனால், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால், கை கால் தளர்ந்தால் காத்திருக்காதீர்கள், 999ஐ அழையுங்கள். அன்று அவனைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

என் தேர்வு சரிந்ததற்கு அந்த மோதல்தான் காரணமா? தெரியாது. அதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அன்று யாராவது என்னை உட்கார வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அந்த ஆண்டு 4 மாணவன் நலமாக இருக்கிறான். மறுவாரம் பயிற்சிக்கு முன் அவன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “வீட்டுல வந்து ஒண்ணுமே சொல்லலையே தம்பி” என்றார். சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். பிறகு சிறுவர்களை அழைத்து, இனி இங்கே பந்து காலில்தான் என்றேன். சிலருக்கு ஏமாற்றம், அவனுக்கு இல்லை.

நேற்று கடைக்கு ஓர் இடைநிலைப்பள்ளி அணியின் ஜெர்சிகள் வந்தன. 5ஆம் எண்ணை வாங்க உயரமான ஒரு பையன் வந்தான். தற்காப்பா என்று கேட்டேன். ஆமாம் அண்ணா என்றான். தலையில் அடிபட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

“தண்ணி ஊத்திட்டு விளையாட வேண்டியதுதான்.”

ஜெர்சியை மடித்துக் கொடுக்கும் முன் அவனை ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசினேன். இந்தக் கட்டுரையில் இருப்பதைத்தான் அவனிடம் சொன்னேன்.